விரதம்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன?

கேள்வி: எனக்கு வயது 29, எடை 52 கிலோ. பர்மாவின் பெகு நகரில் பிறந்தவள், கல்யாணமாகி யாங்கோனில் இருக்கிறேன். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மன் கோயில் தீமிதிக்கு விரதம் இருந்தேன். விரதம் முடிந்த பிறகும் கறி, மீன் தொட மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். முட்டையும் இல்லை, பால் மட்டும் உண்டு. வீட்டில் நான் ஒருத்திதான் சைவம். "விரதம்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன?" என்று அத்தை கேட்காத நாளில்லை. "இப்படிச் சாப்பிட்டா வயித்துல பிள்ளை எப்படித் தங்கும்?" என்கிறார். வீட்டுக்காரரின் சித்தப்பா எல்லோர் முன்னாலும் "ஐயரம்மா வந்தாச்சு" என்று கிண்டல் செய்கிறார். ஆபீசில் பர்மியத் தோழிகள் அன்பானவர்கள்தான், ஆனால் "ஙப்பி மட்டும்தானே" என்று அந்தப் புளித்த மீன் விழுதைத் தட்டில் ஊற்றிவிடுகிறார்கள். காலையில் டீயும் ஈச்சாக்குவே என்ற எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமும், மதியமும் இரவும் சோறு, கீரை, உருளைக்கிழங்கு, அவ்வளவுதான் சாப்பாடு. போன மாதம் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.4. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் பேசியதெல்லாம் சரி என்று ஆகிவிடுமே. பதில் சொல்லியே அலுத்துப்போனேன். என்ன செய்வது?
— வாசகி, யாங்கோன்

பதில்:

நீங்கள் கேட்டிருப்பது மற்றவர்கள் பேச்சைப் பற்றி. ஆனால் அந்த 10.4ஐ முதலில் பார்த்துவிடுவோம். அதை ஒளித்து வைத்திருக்கும் வரைக்கும் அத்தையிடம் நீங்கள் சொல்லும் எந்தப் பதிலுக்கும் பலம் இருக்காது.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆகவே அத்தையின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, அதாவது கறியை விட்டதால்தான் இது வந்தது என்பது, இன்னும் யாருக்கும் தெரியாது. மாதவிடாயில் அதிகம் போவது, கொக்கிப்புழு, பரம்பரையாக வருவது என்று காரணம் பல உண்டு. தினமும் மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தசோகை வருகிறது. ஆனால் உங்கள் சாப்பாட்டைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: மீனை எடுத்துவிட்டீர்கள், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. பருப்பு என்ற சொல்லே உங்கள் கடிதத்தில் இல்லை.

பழைய ரத்த அறிக்கையை எடுத்து எம்.சி.வி. என்ற வரியைப் பாருங்கள். சிவப்பணுவின் அளவு அது. 80க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன, முதலில் இரும்புச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். 100க்கு மேலே இருந்தால் அணுக்கள் பெருத்திருக்கின்றன, பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்திருக்கலாம். இரண்டு குறையும் சேர்ந்து வந்தால் ஒன்று இறக்க, ஒன்று ஏற்ற, எண் நடுவில் சாதாரணமாக நின்றுவிடும். சைவம் சாப்பிடுகிறவர்களிடம் இதுதான் அடிக்கடி கண்ணில் படாமல் போகும் இடம். அதனால் ஃபெரிட்டின், பி12 இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலி. காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அந்த வாரத்தில் எடுக்க வேண்டாம்.

எம்.சி.வி. குறைந்து, ஃபெரிட்டின் மட்டும் நன்றாக இருந்தால் டாக்டரிடம் ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரேசிஸ், அதாவது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் ஈ, தலசீமியா இரண்டும் இந்த நாட்டில் நிறைய. அது இருந்தால் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கினாலும் எண் ஏறாது. பிள்ளை பெற நினைக்கும் தம்பதி என்பதால், உங்களுக்கு இருப்பது தெரிந்தால் வீட்டுக்காரரும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இரும்பு மாத்திரையின் அளவை டாக்டர் முடிவு செய்யட்டும். எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். பாலோடும் டீயோடும் வேண்டாம். வயிறு புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமா என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கு அது ஒத்துக்கொள்ளும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். நான்கு வாரத்தில் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரை உள்ளே சேரவில்லை, அல்லது காரணம் வேறு. 12ஐத் தாண்டிய உடனே நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தேவை.

அடுத்தது டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, காய்கறியிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைப் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். பால் டீயை மட்டும் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடையில் மேஜைக்கு மேஜை இலவசமாக வைத்திருக்கும் யேநுவேஜானும் டீதான். ஆபீசில் சோறு சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சின்னக் கிண்ணத்தை நாலு தடவை நிரப்பிக் குடிப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அதிலுள்ள இரும்பு வேறு வகை, டீ அதை அவ்வளவாகத் தொடாது. உங்களுக்கு இருப்பதே செடியிலிருந்து வரும் இரும்பு மட்டும்தான். ஆகவே சாப்பாட்டோடு வெறும் வெந்நீர், டீ ஒரு மணி நேரம் கழித்து. பருப்பின் மேல் பாதி எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், ஒரு துண்டு கொய்யாவும் இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் எடைக்கு நாளொன்றுக்குப் புரதம் சுமார் 43 கிராம் வேண்டும். பச்சையாக அளந்தால் 250 கிராம் அரிசியில் 17 கிராம் வரும், 80 கிராம் பருப்பிலோ பயறிலோ 18, ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் 7, பால் 350 மில்லியில் 11. கூட்டினால் 53. மீன் இல்லாமலே தேவைக்கு மேல் நிற்கிறது. இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்கிற நாட்டில் இருந்துகொண்டு ஒரு சைவக்காரர் பருப்பில்லாமல் சாப்பிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. காலையில் ஈச்சாக்குவேயை வாரம் ஒருநாளோடு நிறுத்திக்கொண்டு, முளைகட்டி அவித்த பட்டாணியான பெபியோவை நான்பியா ரொட்டியோடு சாப்பிடுங்கள். முளைகட்டும்போது இரும்பைப் பிடித்து வைக்கும் பைட்டேட் குறைகிறது. காசும் கூடுதலாகாது.

பி12 மட்டும் தட்டில் தேடிக் கிடைக்காது. ஒருநாள் தேவை 2.4 மைக்ரோகிராம், 100 மில்லி பாலில் இருப்பது சுமார் 0.4. டீக்கடைப் பாலை நம்பி இதைக் கணக்கிட வேண்டாம். அங்கே ஊற்றும் டின்களில் பல பாமாயில் சேர்த்த இனிப்புக் கிரீமர், லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். புளிக்கவைத்த சோயாவிலும் கடற்பாசியிலும் பி12 இருக்கிறது என்று சொல்வார்கள், அதையும் நம்ப முடியாது. அறிக்கையில் குறை தெரிந்தால் டாக்டர் சொல்லும் அளவு, தேவைப்பட்டால் ஊசி. குறை இல்லாவிட்டாலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு முயற்சி செய்வதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் வேண்டும். ஆனால் பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தைத் தனியாகத் தொடங்க வேண்டாம். ரத்தம் தேறியதுபோல் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். இப்போதே கால் மரத்துப்போவது, பாதத்தில் ஊசி குத்துவதுபோல் இருப்பது, நாக்கு எரிவது என்று ஏதாவது இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மீன் சாப்பிடாததால் அயோடினுக்கும் வழி வேண்டும், வீட்டு உப்பு அயோடின் சேர்த்ததுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அத்தை. 10.4ஐ அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். "அத்தை, ரத்தம் கம்மியா இருக்கு. பருப்பு, பால் சரியாச் சாப்பிடலை, சோத்தோட டீ குடிச்சேன். என்ன காரணம்னு டாக்டர் பாக்கணும், நீங்களும் கூட வாங்க." இதில் அழைப்புதான் முக்கியம். "பிள்ளை எப்படித் தங்கும்" என்று கேட்கிறவர் உங்கள் கொள்கையோடு சண்டை போடவில்லை. பேரப்பிள்ளையை நினைத்துப் பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கு நியாயம் பேசினால் தணியாது, ஒரு வேலை கொடுத்தால் தணியும். மாத்திரை வேளையை ஞாபகப்படுத்துவது, பயறு ஊறப்போடுவது, இரண்டையும் அவரிடம் விடுங்கள். சைவம் சாப்பிடும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நல்லபடியாகப் பிள்ளை பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதை டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். நீங்கள் சொன்னால் அது வாதம்.

"சொன்னால் அவர்கள் பேசியது சரி என்று ஆகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் ஆகும். "பாத்தியா, சொன்னேன்ல" என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு வாரத்தில் எண் ஏறினால் அதே வீட்டில் அந்த அறிக்கையும் இருக்கும்.

அடுப்படியில் செய்யக்கூடியது ஒன்று. இங்கே எந்தக் குழம்புக்கும் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய், மஞ்சளை எண்ணெயில் வதக்கி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை விடுவதுதானே முதல் வேலை. மீனோ ஙப்பியோ விழுவதற்கு முன் அதில் மூன்றில் ஒரு பங்கை உங்கள் சட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் பயறோ கத்தரிக்காயோ போட்டால் ஒரே வதக்கலில் இரண்டு குழம்பு. அத்தைக்கு இரட்டை வேலை இல்லை. உங்களுக்கென்று ஒரு சட்டி, ஒரு கரண்டி போதும். மீன் பொரித்த எண்ணெயை அதில் ஊற்றாமல் இருந்தால் சரி.

ஙப்பி இல்லாமல் ருசி இல்லை என்பதும் வெறும் பேச்சு அல்ல. உப்பைத் தாண்டிய ஒரு அடிச்சுவை அதில் உண்டு, அதை எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்று வேண்டும். ஷான்காரர்கள் செய்யும் பெபோ வில்லைதான் அதற்குச் சரியான மாற்று. புளிக்கவைத்த சோயாவைத் தட்டையாகத் தட்டிக் காயவைத்தது, சந்தையில் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். புளிச்சக்கீரையில் செய்து பாருங்கள். கீரை ஆய்ந்து 300 கிராம். ஒரு வில்லையை நேராக நெருப்பில் காட்டி இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு இடித்துக்கொள்ளுங்கள். வாட்டாமல் போட்டால் வாடை அடிக்கும், கருகினால் கசக்கும். மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் ஒரு வெங்காயம், ஐந்து பல் பூண்டு, ஆறு பச்சைமிளகாய், கால் தேக்கரண்டி மஞ்சள் வதக்கி, இடித்ததைப் போட்டு அரை நிமிடம் கிளறி, கீரையைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் வேண்டாம், கீரையே விடும். சட்டி நிறைய இருந்தது கைப்பிடியாகச் சுண்டும், அதனால் உப்பு கடைசியில். முதலிலேயே போட்டால் கரித்துவிடும். இதை வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள், அதுதான் எனக்கு வேண்டியது. உங்கள் சைவம் வீட்டுக்குள் ஒரு நல்ல பதார்த்தமாக நுழையட்டும்.

ஆபீசில் நிலைமை வேறு. பர்மிய மொழியில் உங்களுக்கென்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: தெத்தத்லுத், உயிர்க்கொலை நீங்கியது. மழைக்கால நோன்பு தொடங்கும் வாசோ பௌர்ணமி முதல் அது முடியும் திடிஞ்சுட் பௌர்ணமி வரை மூன்று மாதமும் தெத்தத்லுத் இருப்பவர்கள் உண்டு, பிறந்த கிழமையில் மட்டும் இருப்பவர்களும் உண்டு. ஆகவே அவர்கள் உங்களைப் புண்ணியம் செய்கிறவராகத்தான் பார்க்கிறார்கள். நம் சொந்தக்காரர்களைவிட அவர்களுக்கு இது எளிதில் புரியும். சிக்கல் இரண்டே. ஒன்று, அவர்கள் மனதில் இது நாள் கணக்கு உள்ள விஷயம். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டால் "அம்யெதான்", எப்போதும் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுங்கள். இரண்டு, ஙப்பி, மீன் சாறு, காய்ந்த இறால், கோழித்தூள் இவையெல்லாம் பல சமையல்காரர்களுக்கு உப்பு புளி மாதிரி. மாமிசம் என்றே தோன்றாது. "தெத்தத்லுத்" என்று மட்டும் சொன்னால் தெளிந்த ரசத்தில் கோழித்தூள் இருக்கும், லபெத்தோ என்ற தேயிலைக் கலவையில் இறால் இருக்கும், கங்குன் கீரை வறுவலில் சிப்பிச் சாறு இருக்கும். பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்: "ஙப்பி லே மசாபூ" (ஙப்பியும் சாப்பிட மாட்டேன்), "செத்தாஹ்மோன் மதெபானெ" (கோழித்தூள் போடாதீர்கள்). வெங்காயம், பூண்டு சாப்பிடுவேன் என்பதையும் சொல்லுங்கள். சீனச் சைவம் என்று நினைத்து அதையும் நீக்கிவிடுவார்கள்.

இதற்கு முன்னால், உங்கள் எல்லை எது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். முட்டை, ஙப்பி, மீன் சாறு, கோழித்தூள், மீன் பொரித்த எண்ணெய், மீன் எடுத்த கரண்டி: இந்த ஆறுக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். எது என்பது உங்கள் விருப்பம், நான் சொல்ல மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை ஙப்பி வேண்டாம் என்று சொல்லி, புதன்கிழமை சங்கடத்தில் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டால், வியாழக்கிழமை ஊற்றுகிறவர் மேல் தப்பில்லை.

மதியம் எல்லோருடைய தூக்கையும் நடுவில் திறந்து வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதில், நல்ல துண்டை எடுத்து அடுத்தவர் தட்டில் வைப்பது மரியாதை, அன்பு. அந்தக் கையைத் தட்டிவிடுவதுபோல் ஆகக்கூடாது. அதனால் முந்திக்கொள்ளுங்கள். நாலு பேருக்குக் காணும்படி ஒரு பண்டம் கொண்டுபோய், முதலில் நீங்கள் எடுத்துக்கொண்டு, பிறகு மூத்தவர் தட்டிலிருந்து தொடங்கி நீங்களே பரிமாறுங்கள். கரண்டிகள் கலப்பதற்கு முன் உங்கள் பங்கு உங்கள் தட்டில் இருக்கும். கடலைமாவில் செய்யும் தோஹு வில்லைகளைக் கலந்து செய்யும் தோஹு அத்தோ இதற்கு ஏற்றது. ஒரு கப் கடலைமாவை ஒன்றரைக் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னொரு ஒன்றரைக் கப் தண்ணீரை உப்பு, மஞ்சளோடு கொதிக்கவிட்டு, கரைசலை ஊற்றி, தீயைக் குறைத்து எட்டு நிமிடம் கைவிடாமல் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டால் வில்லை போடலாம். மாவை நேராக வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும், சீக்கிரம் இறக்கினால் இறுகாது, பச்சை வாடையும் போகாது. வில்லைகளோடு முட்டைக்கோஸ், வறுத்த பூண்டு எண்ணெய், வேர்க்கடலைத் தூள், புளித்தண்ணீர், மீன் சாறுக்குப் பதில் சோயா சாறு சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள்.

யாராவது "புத்தரே கறியை விலக்கச் சொல்லலையே" என்றால் வாதத்துக்குப் போகாதீர்கள். அவர்கள் சொல்வது அவர்கள் மரபில் சரி. தமக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேட்காமல், சந்தேகப்படாமல் இருந்தால் பிக்கு மாமிசத்தை ஏற்கலாம் என்பது தேரவாத விதி. துறவிகள் எல்லோரும் மீனும் மாமிசமும் விலக்க வேண்டும் என்று புத்தரிடம் வற்புறுத்தியவன், அவரை எதிர்த்த சீடன் தேவதத்தன். புத்தர் அதை மறுத்தார். இந்த ஊரில் "எல்லோரும் சைவமாக இருக்க வேண்டும்" என்று பேசத் தொடங்கினால், உங்களை அறியாமல் தேவதத்தன் இடத்தில் போய் நின்றுவிடுவீர்கள். "எனக்கு மனசு வரலை" என்பது போதும். அதற்கு எதிர்வாதம் கிடையாது.

சித்தப்பாவின் கிண்டலுக்கு மருந்து குறைவுதான். "ஐயரம்மா" என்றால் "ஆமா சித்தப்பா, பருப்பு போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். முகம் வாடினால் இன்னும் பேசுவார். நாலு மாதம் போயும் நிற்கவில்லை என்றால் அவரிடம் பேச வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர், நீங்கள் அல்ல. இதுவரை அவர் இந்த விஷயத்தில் வாய் திறந்தாரா என்று கடிதத்தில் இல்லை. கேட்டுப் பாருங்கள்.

கல்யாணம், அஹ்லூ என்ற தான விருந்துகளில் பெரும்பாலும் டம்பௌ. கோழியோடு சேர்ந்து வெந்த சோறு அது, துண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிட்டால் சைவம் ஆகாது. அன்றைக்குப் போய்ச் சொன்னால் விருந்து வைக்கிறவருக்குத் திண்டாட்டம். இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள். என்ன வேண்டாம் என்று தொடங்காமல், "எனக்கு வெள்ளைச் சோறும் பருப்பும் போதும், ஙப்பி இல்லாம" என்று சாப்பிடப் போவதைச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுப் போங்கள். அங்கே வற்புறுத்தினால் பருப்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.